பரவைக்கடலில் ‘இல்லை’ என்று சொல்ல ஒரு கருவி

ஜேர்மனியின் கீல் நகரில் வசிக்கும் என் மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவுகளில் பாதி அங்குள்ள குளிரைப் பற்றியவை. மீதி என்னைச் சீண்டுவதற்கென்றே தயாரானவை. இரண்டாம் வகைப் பதிவு ஒன்றுதான் என்னை இந்த விடயத்துக்குள் இழுத்துவிட்டது. உலகப் போர்களின் எச்சமாகவும், இரண்டாம் போர் முடிந்த கையோடு கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்க் கொட்டப்பட்டதாகவும், ஜேர்மனியின் கடற்பரப்புகளில் ஏறத்தாழ 16 இலட்சம் தொன் வெடிபொருள் கிடப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதைப் பாதுகாப்பாக எடுத்து அழிப்பதற்கான வழியைக் காண அரசு 10 கோடி யூரோ ஒதுக்கியது. 2024 இல் லூபெக் விரிகுடாவில் முன்னோடி வேலையும் தொடங்கிற்று. மச்சானின் வீட்டுக்கு அண்மையிலேயே கோல்பெர்கர் ஹைடே என்ற இடத்தில் கடற்கண்ணிகளும் டோர்பிடோக்களும் குவியலாகக் கிடக்கின்றன. “இஞ்சை மிசின் கடலுக்கை இறங்கி ஒவ்வொண்டாத் தேடிப் பிடிக்குது. உங்கடை பரவைக்கடலைப் பற்றி ஏன் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை?” என்று எங்கள் யாழ்ப்பாணக் கடனீரேரியைக் குறித்து அவர் கேட்டிருந்தார். பதில் அனுப்ப உட்கார்ந்தேன். அனுப்பத்தக்க பதில் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் மணிக்கணக்காகப் பேசியிருப்பேன். பழைய போர்முனையான முகமாலையில் கண்ணிவெடி அகற்ற முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிண்டியவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். கண்ணிவெடி அகற்றும் நிறுவனமான ஹலோ ட்ரஸ்ட் 2002 இல் இங்கு வேலையைத் தொடங்கியதும், 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்ததும், அதன்பின் ‘கண்ணிவெடி அற்ற நாடு’ என்ற இலக்கு மேடைகளில் ஒலித்ததும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் அந்த உடன்படிக்கை மனிதரைக் குறிவைக்கும் மிதிவெடிகளைப் பற்றியது. சேற்றுக்குள் செருகி நிற்கும் ஒரு 81 மில்லிமீற்றர் மோட்டார் எறிகணை அதன் கணக்கில் வராது. நாளைக்கே நாடு கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டாலும், மண்டைதீவுப் பக்கத்துச் சேற்றுக்குள் கிடக்கும் ஷெல் அப்படியேதான் கிடக்கும்.

அது கிடக்கிறது என்பதில் இங்கே யாருக்கும் ஐயமில்லை. 1990 இல் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள் இருந்தபோது சுற்றிலும் விழுந்தவற்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள்தான் விழுந்தது. கிளாலிக் கடலில் இரவோடு இரவாகச் சனம் கடந்த காலம், 1993 நவம்பரில் பூநகரி, 2000 ஏப்ரலில் ஆனையிறவு என்று கடனீரேரியின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு போர் உண்டு. மூக்கில் வெடிதூண்டி பொருத்திய எறிகணை கட்டாந்தரையில் மோதினால் பெரும்பாலும் வெடிக்கும். இளகிய சேற்றில் இறங்கும்போது தூண்டியை இயக்கப் போதிய அடி விழாமல், வெடிக்காமலே அமிழ்ந்துபோவதற்கு வாய்ப்பு அதிகம். பரவைக்கடலின் அடியோ பெரும்பாலும் சேறும் மணலும். இவற்றின் மேலேதான் நண்டு வலை விரிகிறது, சிறகுவலைக்குத் தடி ஊன்றப்படுகிறது, அண்மைய ஆண்டுகளில் கடலட்டைப் பண்ணைகளுக்கு வரிசை வரிசையாகக் கம்புகள் அறையப்படுகின்றன. கம்பு அறைகிறவர் தன் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அறைவதில்லை. பார்க்கவும் முடியாது, மாரி காலத்துக் கலங்கலில் முழங்கை ஆழத்தில் கையே தெரியாது.

ஒளி தோற்கும் இடத்தில் ஒலி வெல்கிறது என்று உயர்தர வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆகவே ஒலி என்ன செய்யும் என்பதை ஒழுங்காகத் தேடிப் படிப்பது என்று முடிவெடுத்தேன்.

ஒலி காட்டும் படம்

முதலாம் உலகப் போரின் நடுவில், பிரான்சில் போல் லாஞ்செவின் என்ற பௌதிகவியலாளர் குவார்ட்ஸ் படிகத்தை மின்னால் அதிரவைத்து நீருக்குள் ஒலியை அனுப்பி, நீர்மூழ்கியில் பட்டுத் திரும்பும் ஒலியைப் பிடிக்க வழி செய்தார். இன்று குருநகரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் இருக்கும் மீன்தேடும் கருவியும் ‘சோனார்’ எனப்படும் அந்தக் கொள்கையில்தான் இயங்குகிறது. நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர். எங்கள் கடலைப்போல் 30 பாகை சூடும் நல்ல உவரும் சேர்ந்தால் 1540 ஐத் தொடும். உருக்குக்கும் நீருக்கும் அடர்த்தியிலும் ஒலிவேகத்திலும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்பதால், பருத்த உருக்குப் பரப்பொன்றில் நேராகப் படும் ஒலியாற்றலில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் தெறித்துத் திரும்பிவிடும்.

வெடிபொருள் தேடுவோர் பொதுவாக முதலில் எடுப்பது பக்கவாட்டுச் சோனார். படகின் பின்னால் இழுபடும் கருவி இரு பக்கமும் விசிறிபோல ஒலியைப் பரப்பும். திரும்பிவருவதை வரி வரியாக அடுக்கினால் கடலடியின் படம் கிடைக்கும். 500 கிலோஹேட்ஸ் மீடிறனில் (அதிர்வெண்ணில்) அலைநீளம் மூன்று மில்லிமீற்றர்தான் என்பதால் படம் வியக்கத்தக்க கூர்மையோடு வரும். அதில் பொருளைவிட அதன் நிழல் அதிகம் பேசும்: ஒலி எட்டாத இடம் கறுப்பாக விழுகிறது, அந்தக் கறுப்பின் நீளத்திலிருந்து பொருளின் உயரத்தை எளிய முக்கோணக் கணக்கால் எடுத்துவிடலாம். கோல்பெர்கர் ஹைடேயின் படங்களைப் பார்த்தபோது கடற்கண்ணிகளின் உருண்டை வடிவம் அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே பத்து மீற்றரும் அதற்கு மேலும் நீர் ஆழம், பொருள்கள் பெரியவை, பலவும் அடியின் மேலேயே கிடக்கின்றன.

அதே கணக்கை எங்கள் பரவைக்கடலுக்குப் போட்டுப் பார்த்தேன். பெரும் பரப்பில் ஆழம் ஒன்றிரண்டு மீற்றர். ஒன்றரை மீற்றர் ஆழத்தில் கருவியை நீர்மட்டத்துக்கு அண்மையில் வைத்தால், பத்து மீற்றர் தள்ளியிருக்கும் இடத்தில் ஒலி ஒன்பது பாகைக்கும் குறைவான சாய்வில், கிட்டத்தட்டத் தரையைத் தடவிக்கொண்டுதான் போகும். மணலில் ஒலியின் வேகம் நீரைவிடக் கூட, ஏறத்தாழ 1700 மீற்றர். கண்ணாடிக்குள் ஒளி முழுவதும் தெறிப்பது பற்றிப் படித்தவர்களுக்கு மீதி புரியும்: 25 பாகை அளவுக்குக் கீழான சாய்வில் வரும் ஒலி மணலுக்குள் நுழையாமல் பெரும்பாலும் வழுக்கித் தெறித்துவிடுகிறது. அதாவது படகின் இரு பக்கமும் மூன்று மீற்றர் அகலத்துக்குள்தான் மணலின் உள்ளே எதையும் தேட முடியும். அதற்கு அப்பால் தெரிவது மேற்பரப்பு மட்டும். நுழைந்த ஒலிக்கும் தொல்லை உண்டு. 10 கிலோஹேட்ஸ் ஒலி ஒரு மீற்றர் மணலைக் கடக்கும்போது ஏறத்தாழப் பாதி வலுவை இழக்கும். 500 கிலோஹேட்ஸ் ஒலியோ பத்துப் பதினைந்து சென்ரிமீற்றருக்குள் பயனற்றுப் போய்விடும். படம் கூர்மையாக வேண்டும் என்றால் உயர்ந்த மீடிறன் வேண்டும். புதைந்ததைப் பார்க்க வேண்டும் என்றால் தாழ்ந்த மீடிறன் வேண்டும். தாழ்ந்த மீடிறனில் அலைநீளம் சாண் அளவுக்கு நீண்டுவிடுவதால் படம் மங்கும். அதை ஈடுகட்ட, படகு நகர நகர எடுத்த பல எதிரொலிகளை ஒன்றாகக் கோத்து, பெரிய ஒரு கருவி கேட்டதுபோல் கணிக்கும் முறை இருக்கிறது. செயற்கைத் துவாரச் சோனார் என்று அதைச் சொல்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஆழமற்ற நீருக்கென்றே, கீழ்நோக்கி ஒலி அனுப்பிச் சேற்றின் உள்ளே முப்பரிமாணமாகப் பார்க்கும் இத்தகைய கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஆக, வழி இருக்கிறது. மச்சானுக்குப் பதில் எழுதப் போதுமான அளவுக்கு நான் தெளிந்துவிட்டதாக அப்போது நினைத்தேன்.

சம்மாட்டியின் கொப்பி

குருநகரில் எனக்குத் தெரிந்த சம்மாட்டி (படகும் வலையும் சொந்தமாக வைத்துத் தொழில் செய்பவர்) ஒருவர் இருக்கிறார். சங்கு குளித்த குடும்பம். அவரும் இளவயதில் சுழியோடியாக இருந்தவர். மடிக்கணினியைக் கொண்டுபோய் அவருடைய வலை திருத்தும் கொட்டிலில் வைத்து, பால்ரிக் கடலின் படங்களைக் காட்டினேன். கண்ணிகளின் படத்தைக் கண்டு அவர் வியப்படையவில்லை. நிழலைக் கொண்டு உயரம் கணிக்கும் முறையை மட்டும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, மங்கலான நீள்வட்டமாக ஏதோ தெரிந்த ஒரு படத்தில் விரலை வைத்தார்.

“இது என்ன, மாஸ்ரர்?”

“குண்டாக இருக்கலாம். கல்லாகவும் இருக்கலாம். இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.”

“ஓம். அப்ப உந்த மிசின் ‘இருக்கு’ எண்டு சொல்லும். ‘இல்லை’ எண்டு சொல்லுமோ?”

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்துபோய், பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வரியிலும் ஜி.பி.எஸ். இலக்கங்கள், அருகில் ஒரு பெயர். அவருடைய வலை எங்கெங்கே சிக்கியதோ, தடி எங்கெங்கே முட்டியதோ, அத்தனை இடமும் அதில் இருந்தன. ‘எஞ்சின்’, ‘பனங்குத்தி’, ‘சைக்கிள்’, ‘சீமெந்துத் தூண்’, ‘சனியன்’ என்று பெயர்கள். பல வரிகளுக்கு நேரே ‘தெரியாது’ என்று மட்டும் எழுதியிருந்தது. எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களில் நீலமை ஊறிப் பரவியிருந்தாலும் இலக்கங்களை மட்டும் திரும்பத் திரும்ப மேலே எழுதி அழியாமல் வைத்திருந்தார்.

இதை ஏன் உரியவர்களிடம் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான். கொடுத்தால் அந்த இடங்களைச் சுற்றி வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் வலை போடக்கூடாது என்பார்கள். வட்டம் போட வருகிறவர் எழுத்தில் தருவார். அதை எடுக்க ஒருவரும் வரமாட்டார். இப்போது ‘சைக்கிள்’ கிடக்கும் இடத்தில் ஓரா மீன் நன்றாகப் படும். அங்கே கிடப்பது சைக்கிள்தான் என்று அவருக்குத் தெரியும், அவரே கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஆனால் மிசினுக்குத் தெரியாது. “இருக்கு எண்டு ஆரும் சொல்லலாம், மாஸ்ரர். சொல்லிப்போட்டுப் போயிடுவினம். இல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க ஆர் வருவினம்?”

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் அதுவரை படித்தவை எல்லாம் வேறு ஒழுங்கில் அடுக்கப்படத் தொடங்கின. ‘கண்டுபிடித்தல்’ என்ற ஒன்றை நோக்கியே எல்லாவற்றையும் வாசித்திருந்தேன். ஆனால் கடலடியில் சந்தேகத்துக்குரிய பொருள்களில் பெரும்பான்மை வெறும் குப்பையாகத்தான் இருக்கும். நிலத்திலும் உலோகங்காட்டி கத்தும் இடங்களில் பெரும்பாலும் ஆணியும் கம்பித் துண்டும்தான் அகப்படுகின்றன. நிலத்தில் அந்தக் கணக்கை முடிக்க ஒரு நடைமுறை இருக்கிறது. சந்தேகமான காணி ஆராயப்படுகிறது; ஆபத்துக்குச் சான்றில்லாத பகுதி பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது; மீதி துப்புரவாக்கப்பட்டு, தாளில் எழுதி உரியவரிடம் கையளிக்கப்படுகிறது. பரவைக்கடலில் தொழில் செய்யும் ஒருவரின் கைக்கு அப்படி ஒரு தாள் வந்ததை நான் கண்டதில்லை. கடலில் காணி உறுதி யாருக்கும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும், ஒவ்வொரு பொய் எச்சரிக்கையின் விலையையும் கட்டுவது சோனார் இழுக்கிறவர் அல்ல, வலை இழுக்கிறவர். அப்படியானால் எங்கள் கடலுக்கு வேண்டிய கருவியின் முதல் வேலை, பனங்குற்றியைப் பனங்குற்றி என்று சொல்வது.

பொருளை ஒலிக்கவைத்தல்

படத்தால் மட்டும் அதைச் சொல்ல முடியாது. ஒரு முழ நீளமுள்ள, சேறு மூடிய உருளை ஒன்று ஷெல்லா, பனைத்துண்டா, குழாயா என்பதற்கு வெளிவடிவம் போதிய சாட்சி ஆகாது. காந்தமானியைச் சேர்த்தால் இரும்பு உண்டா என்று தெரியும். ஆனால் எங்கள் கடலடியில் பழைய எஞ்சினுக்கும் நங்கூரத்துக்கும் குறைவில்லை. இங்கேதான் தாழ்ந்த மீடிறன் ஒலி இன்னொரு வகையில் உதவுகிறது. சில கிலோஹேட்ஸ் முதல் சில பத்துக் கிலோஹேட்ஸ் வரையான ஒலி ஒரு ஷெல்லில் படும்போது, ஒரு பங்கு மேற்பரப்பிலிருந்தே தெறிக்கும். இன்னொரு பங்கு உருக்குச் சுவருக்குள் புகுந்து, அதைச் சுற்றி ஓடி, நீள்வாட்டில் முட்டித் திரும்பி, சிறிது பிந்தி வெளியே வரும். சந்தையில் பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிக் கேட்பதுபோல, பொருளே தனக்கு இயல்பான பரிவு மீடிறன்களில் ஒலிக்கிறது. அந்தப் பிந்திய ஒலியில் சுவரின் தடிப்பு, உள்ளே நிரம்பியிருப்பது என்ன, நீளம் எவ்வளவு என்பவற்றின் அடையாளம் இருக்கும். பொருளைச் சுற்றிப் பல கோணங்களில் கேட்டு, எந்தக் கோணத்தில் எந்த மீடிறன் வலுவாகத் திரும்புகிறது என்று வரைந்தால் வருவதை ‘ஒலிநிறம்’ என்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பயன்முறைப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தினர் இதில் நீண்டகாலம் வேலை செய்தவர்கள். குளத்திலும் கடலிலும் உண்மையான ஷெல்களையும் அவற்றைப் போலத் தோன்றும் கற்களையும் உருளைகளையும் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். நீரூறிய மரம் அடர்த்தியில் நீருக்கு நெருங்கியது. புகுந்த ஒலி விரைவில் அடங்கிவிடும். கல்லின் பதில் இன்னொரு வகை. உருக்குச் சுவர் நின்று ஒலிக்கும்.

இதைச் சம்மாட்டிக்கு விளக்கத் தொடங்கியபோது அவர் இடைமறித்தார். தடி ஊன்றும்போது கீழே முட்டுவது எது என்று கைக்குத் தெரியுமாம். மரத்தில் முட்டினால் தடி செத்துப்போய் நிற்கும். பார்க்கல்லில் முட்டினால் ஒரே உதையாக உதைத்து நின்றுவிடும். இரும்பில் முட்டினால் உள்ளங்கையில் ஒரு நடுக்கம் வந்து, விட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் இருக்கும். எழுந்து கொட்டில் மூலையிலிருந்த தடியை எடுத்து, நிலத்தில் கிடந்த எஞ்சின் மூடியொன்றில் மெல்ல முட்டி, தடியின் நுனியை என் கையில் தந்தார். நடுக்கம் இருந்தது. பிந்தி வருகிற அந்த அதிர்வைத்தான் அங்கே பல இலட்சம் செலவழித்துப் பதிகிறார்கள். நடுக்கம் தெரிந்தால் அடுத்த தரம் முட்டாமல் தடியைத் தூக்கிக்கொண்டு பத்துப் பாகம் தள்ளிப் போய்விடுவது அவர்களுடைய வழக்கம். கேட்க எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.

ஒலிக்கவைத்துக் கேட்கும் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது எங்களை நேரே தொடுவது. ஆய்வுகூடத்தில் சேர்த்துவைத்த ஒலிநிறங்கள் பெரும்பாலும் நல்ல நிலையிலுள்ள பொருள்களுடையவை. உப்புநீரில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஷெல்லின் சுவர் சில இடங்களில் மெலிந்து, சில இடங்களில் துருவும் சிப்பியும் ஏறித் தடித்திருக்கும். சுவர் மாறினால் பரிவு மீடிறனும் நகரும். ஒஸ்ரினிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அமெரிக்காவின் மார்தாஸ் வின்யார்ட் தீவுப் பக்கத்துக் கடலில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து கிடந்த சிறிய பயிற்சிக் குண்டுகளை எடுத்து இதை ஆராய்ந்து, 2024 இல் முடிவுகளை முன்வைத்தார்கள். அரிப்பு ஏறிய குண்டுகளின் பதில், பழுதில்லாத குண்டின் பதிலிலிருந்து வேறுபட்டு மங்கியிருந்தது. அவை எண்பது ஆண்டுகள் கிடந்தவை, அதுவும் குளிர்ந்த கடலில். எங்களுடையவை கால் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் வரை கிடந்தவைதான். ஆனால் வெப்பம் துருவைத் துரிதப்படுத்தும். மறுபுறம், ஒட்சிசன் எட்டாத ஆழச் சேற்றில் புதைந்தது நீண்டகாலம் புதிதுபோலவே இருக்கவும் கூடும். ஒரே நாளில் விழுந்த இரண்டு ஷெல்களில் ஒன்று மணலின் மேலும் மற்றது சேற்றின் உள்ளும் கிடந்தால், இன்று அவை இரண்டு வகையாக ஒலிக்கும். ஆகவே அமெரிக்கக் குளத்தில் பதிந்த ஒலிநிறத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்த முடியாது. ஷெல்லை ‘ஷெல் இல்லை’ என்று தவறாகச் சொல்லிவிடும் கருவி, ஒன்றும் சொல்லாத கருவியைவிட ஆபத்தானது. ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டுத்தான் ஒருவர் அங்கே கம்பு அறையப் போகிறார்.

எங்கள் கடல் சும்மா இருப்பதில்லை

பாசையூர்ப் பக்கம் இரவில் வள்ளத்தின் அணியத்தில் படுத்துக் காதைப் பலகையோடு ஒட்டி வைத்தவர்களுக்கு ஒரு சத்தம் தெரியும்: எண்ணெயில் கடுகு போட்டால் வருவதைவிடக் கூர்மையாக, நிற்காமல், நாலா பக்கமிருந்தும் வரும் பொரிவு. ஒற்றைக் கொடுக்கு பெருத்த, விரல் நீளம்கூட இல்லாத ஒரு இறாலின் வேலை அது. கொடுக்கை அது மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி தோன்றி உடனே நொருங்குகிறது. சத்தம் வருவது குமிழி நொருங்குவதால்தான், கொடுக்கு மோதுவதால் அல்ல என்பதை 2000 ஆம் ஆண்டில்தான் உறுதிசெய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைக் கேட்க முயன்ற அமெரிக்கக் கடற்படைக்கு இந்த இறால்கள் பெரும் தலையிடியாக இருந்தன. சில கிலோஹேட்ஸ் தொடங்கி நூறு கிலோஹேட்ஸைத் தாண்டியும் அவற்றின் சத்தம் பரவுகிறது. ஷெல்லை ஒலிக்கவைத்துக் கேட்க வேண்டிய வீச்சும் அதற்குள்தான் அகப்படுகிறது. பால்ரிக்கின் குளிர்நீரில் இந்த இறாலின் தொல்லை இல்லை.

சாதாழை என்ற கடற்புல் இன்னொரு சிக்கல். வெயில் ஏற ஏறச் சாதாழையின் இலைகளில் ஒட்சிசன் குமிழ்கள் முத்துமுத்தாகத் திரளும். நீரில் வாயுக்குமிழி என்றால் ஒலிக்கு எமன். சிறிதளவு குமிழியே ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடும். மத்தியதரைக் கடலின் கடற்புற் படுகைகளில் இதை அளந்திருக்கிறார்கள். ஆகவே சாதாழை அடர்ந்த இடத்தில் சோனார் இழுப்பதென்றால் விடியற்காலையில் இழுக்க வேண்டும். நண்பகலில் இழுத்தால் புல்லுக்குக் கீழே எதுவுமில்லை என்று கருவி காட்டும், அந்த ‘எதுவுமில்லை’க்கு ஒரு பொருளும் இருக்காது. சேற்றின் கதையும் இதற்கு உறவானது. மணலைப்போல் அல்லாது இளஞ்சேற்றில் ஒலியின் வேகம் நீரின் வேகத்துக்கு மிக நெருங்கியது என்பதால் தாழ்ந்த சாய்விலும் ஒலி உள்ளே நுழையும். அது நல்ல செய்தி. ஆனால் இலை தழை அழுகிய சேற்றுக்குள் மெதேன் வாயு சேர்ந்திருந்தால், அதற்குக் கீழே பார்க்க முடியாத திரையாக அது விரிந்துவிடும். கால் புதையப் புதையக் குமிழி கிளம்பும் இடங்கள் எவை என்று நாவாந்துறையிலும் காக்கைதீவிலும் சிறுபிள்ளைகூடக் காட்டும். சோனாரை எங்கே நம்பக்கூடாது என்ற வரைபடத்தை, சோனார் வருவதற்கு முன்பே வரைந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

மச்சானுக்கு நான் கடைசியில் அனுப்பிய பதிலில் ஜேர்மன் கருவிகளைப் புகழ்ந்தும் எழுதவில்லை, இகழ்ந்தும் எழுதவில்லை. எங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு சோதனைத் திடல் என்று எழுதினேன். நிலத்தில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் நாள்தோறும் வேலை தொடங்குமுன் தெரிந்த ஒரு பொருளின் மேல் உலோகங்காட்டியைப் பிடித்துப் பார்த்த பின்னரே தெரியாத மண்ணுக்குப் போகிறார்கள். கடலுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். பரவைக்கடலில் ஒரு சிறு பரப்பைக் குறித்து, மணலிலும் சேற்றிலும் சாதாழைக்குள்ளும் பனங்குற்றி, எஞ்சின் துண்டு, சீமெந்துத் தூண், வெடிமருந்து நீக்கிய பல அளவு ஷெல்கள் ஆகியவற்றைப் புதைத்து, மாரியிலும் கோடையிலும், விடியலிலும் நண்பகலிலும் ஒலியை அனுப்பிக் கேட்க வேண்டும். எத்தனை தடவை கருவி குப்பையைக் குண்டு என்றது, எத்தனை தடவை குண்டைக் குப்பை என்றது என்ற இரண்டு கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலியலும் உண்டு, பௌதிகவியலும் உண்டு. கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கிறது. வெடிபொருளைத் தொடுவதும் எடுப்பதும் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை. குப்பையின் ஒலிகளைச் சேர்த்துவைப்பதற்கு அந்தப் பயிற்சி வேண்டியதில்லை, பொறுமையான மாணவர்கள் போதும். மச்சான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே கீலில் பனி கொட்டுவதைப் படம் எடுத்து அனுப்பினார்.

சம்மாட்டியிடமும் இதைச் சொன்னேன். திடலுக்கு இடம் தான் காட்டுவதாகவும், பனங்குற்றிக்குப் பஞ்சமில்லை என்றும் சொன்னார். கொப்பியைத் தருவீர்களா என்று கேட்டதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ‘சைக்கிள்’, ‘எஞ்சின்’, ‘பனங்குத்தி’ மூன்றின் இலக்கங்களை மட்டும், பெயரைச் சொல்லாமல் தருவாராம். மிசின் மூன்றையும் சரியாகச் சொன்னால், ‘தெரியாது’ என்று எழுதிய பக்கங்களைத் திறப்பாராம். நியாயமான பரீட்சை; இதைவிடக் கடினமான வினாத்தாளை நான் என் மாணவர்களுக்குக் கொடுத்ததில்லை.